பொதுச்சுவரை யார் மெழுகுவது?

வட இலங்கையில் வன்னியின் மண்வீடும் தமிழ்நாட்டில் ஆரோவில்லின் விகாஸ் குடியிருப்பும் ஒரே மாரியில்தான் நனைகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இரண்டு கரையிலும் சாய்த்து அடிக்கும். மண்சுவருக்கு அதுதான் எமன்.

வன்னியில் காட்டுத்தடிகளை நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, வைக்கோல் சேர்த்து மிதித்த மண்ணை உருண்டை உருண்டையாக அப்புவார்கள். காய்ந்ததும் வெடிப்பு விழும். சாணியும் மண்ணும் கரைத்து மெழுகினால் அடங்கும். கிடுகுக் கூரையைத் தாழ இறக்கி, சுவரடியில் குந்து வைத்துவிட்டால் சாரல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். செலவு சொற்பம். ஆனால் மழை கரைத்ததை மறுபடி மெழுக வேண்டும், கறையான் தின்ற தடியை மாற்ற வேண்டும். சுவர் வைக்கிற நாளில் மண் மிதிக்க அயலட்டை வரும். மெழுகுவதோ பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களின் தலையில்.

விகாஸ் 1992 முதல் 1998 வரை எழுந்தது. ஏறத்தாழ 5 வீதம் சிமெந்து கலந்த மண்ணை அச்சில் அழுத்திக் கல்லாக்கினார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி. அங்குள்ள நான்கு தளக் கட்டடத்தின் நிலவறைக்குத் தோண்டிய மண்ணே சுவராக மேலேறியது. கூரை வளைவும் மண்கல்தான். வரிச்சுச் சுவரில் நான்கு தளத்தை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் இதற்கு அச்சு இயந்திரம் வேண்டும், மண்ணைப் பார்த்துச் சலிக்கத் தெரிந்தவர் வேண்டும், வளைவு கட்டப் பழகிய மேசன் வேண்டும். எல்லா ஊருக்கும் இது கட்டுப்படியாகாது.

இடையில் ஒரு வழியை இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. மண்ணிலுள்ள சரளையையே சல்லியாகக் கொண்டு, 4 வீதமளவு சிமெந்து சேர்த்து, கொங்கிறீற் போல அச்சில் வார்க்கும் மண்கல் அது. அழுத்தும் இயந்திரம் தேவையில்லை.

பலர் சேர்ந்து வாழும் கட்டடத்துக்கு வரிச்சு முறையை அப்படியே எடுக்க எனக்கு மனமில்லை. தன் வீட்டுச் சுவரை யாரும் மெழுகுவார்கள். பொதுச்சுவர் பொதுக்கிணறு மாதிரி, தூர்வார ஆள் வராது. எனவே வரைபடம் போடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வெளிச்சுவரும் சமையலறை, குளியலறைச் சுவர்களும் சிமெந்து சேர்ந்த மண்கல்லாக இருக்கட்டும். உள்ளே அறை பிரிக்க வரிச்சு போதும். குடும்பம் பெருகினால் இடித்து, அதே மண்ணைக் குழைத்து வேறிடத்தில் வைக்கலாம். எந்த முறையானாலும் தாழ்வாரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.