யாருடைய குரல்?

சுவீடன் நாட்டின் பிர்க்கா என்னும் பழைய வணிக நகரில் 1878-ஆம் ஆண்டு ஒரு கல்லறை அகழப்பட்டது. வைக்கிங் கடலோடிகள் வாழ்ந்த பத்தாம் நூற்றாண்டுக் கல்லறை அது. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரு கேடயங்கள், இரு குதிரைகள் ஆகியவை உடனிருந்தமையால், அங்குத் துயில்பவர் ஆண்மகனே என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அவர் பெண் எனக் காட்டிற்று. உடனே ஐயம் பிறந்தது: அவள் உண்மையிலேயே போரிட்டவள்தானா? ஆண் என்று எண்ணியிருந்தவரை அக்கேள்வி இவ்வளவு அழுத்தமாக எழவில்லை.

ஏறக்குறைய அக்காலத்தையொட்டி, எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில், நம் விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த கோதைக்கும் இதுவே நேர்ந்தது. ஆண்டாள் என்றொருத்தி இருந்ததில்லை, பெரியாழ்வாரே மகளாகத் தம்மைப் பாவித்துப் பாடினார் என்று கருதியோர் உண்டு. ஆழ்வார்கள் சிலர் தலைவி நிலையை ஏற்றுப் பாடியிருப்பதால், அக்கருத்தை அறவே அடிப்படையற்றது என நாம் தள்ளவில்லை. எனினும் பாடல்களையே சற்று உற்றுநோக்குவோம்.

திருப்பாவையின் நான்காம் பாடலில், மழையே போர்க்களமாகிறது. மின்னல் ஆழியாகவும், இடி சங்கொலியாகவும், துளிகள் வில்லுமிழும் அம்புகளாகவும் வருகின்றன. ஆனால் அழிக்க வேண்டிய அம்புகள் இங்கு வாழ்விக்கப் பொழிகின்றன. மழைக்கு ஏங்கும் கரிசல் மண்ணின் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்திலோ, பகைவரை நடுங்கச் செய்த பாஞ்சசன்னியத்திடம், இறைவனது வாயின் மணமும் சுவையும் எத்தகையவை என்று வினவுகிறாள். போர்க்கருவியிடம் தோழியிடம் போலப் பேசும் அஞ்சாமை அது. மானிடர் எவருக்கும் தன்னை மணமுடித்தால் உயிர் வாழேன் என்று சூளுரைத்தவளும் இவளே. வாளேந்தாத போராளி! பதிகங்கள் பலவற்றின் இறுதியில் தன் பெயரையும் பொறித்து வைத்தாள். பெயர் எழுதியிருந்தும் நாம் ஐயுற்றோம் என்றால், குறை பாடலில் இல்லை. படிக்கும் நம்மிடத்தில் இருக்கிறது.

நம் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 1582-இல் இறந்த அவிலா நகர்ப் புனித தெரேசாவை மறைவல்லுநர் எனத் திருத்தந்தை ஆறாம் பவுல் அறிவித்தது 1970-இல்தான். அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நாம் அவரை வணங்கினோம். ஆசிரியர் என அழைக்கத் தயங்கினோம்.

சிவகாசிப் பகுதியில் நாள் முழுதும் வெடிமருந்தின் நடுவே உயிரைப் பணயம் வைத்து உழைத்துவிட்டு, மாலையில் நற்கருணையின் முன் முழந்தாளிடும் பெண்களை நாம் அறிவோம். தம் செபத்தில் உணர்ந்ததை அவர்கள் சொல்ல முற்படுகையில், "இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிடுகிறோம். கோதையைப் படித்தபின் அக்கேள்வியைக் கைவிடுவதே முறை. "மேலே சொல்லம்மா" என்று காத்திருந்து கேட்கக் கற்போமாக.