லிம்போ: மிதிபடும் உடல்கள்

‘லிம்போ’வை முதல்முறை விளையாடி முடித்தபோது கம்பத்து வீட்டில் எல்லாரும் தூங்கியிருந்தார்கள். அரசு கொடுத்த மடிக்கணினி, காதில் ஹெட்போன். “புதிரெல்லாம் கச்சிதம்டா” என்று மறுநாள் நண்பனிடம் சொன்னேன். சமீபத்தில் மறுபடி ஆடியபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட விளையாட்டு இது. இயக்கியவர் ஆர்ன்ட் யென்சன். கறுப்பு, வெள்ளை, நடுவே சாம்பல். காட்டில் ஒரு சிறுவன் கண்விழிக்கிறான். உடல் முழுக்க நிழல், கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். வசனம் கிடையாது, எத்தனை உயிர் மிச்சம் என்ற கணக்கும் திரையில் இல்லை. ஓடலாம், குதிக்கலாம், ஒரு பொருளைப் பிடித்து இழுக்கலாம். இந்தச் சிக்கனத்தால்தான் இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் நானும் ஒரே கதையைப் பார்க்க முடிந்தது.

இரும்புப் பொறியில் பையனின் தலை துண்டானது.

“அவனுக்கு எத்தன உசுருடா?”

“எத்தன வேணாலும்மா.”

“அப்ப எதுக்கு இம்புட்டுக் கொடூரமா சாகணும்?”

செத்துச் செத்துத்தான் வழி கற்க வேண்டும் என்பது இதன் விதி. செத்தால் இழப்பு ஏதுமில்லை. சில நொடியில் பையன் சற்று முன்னால் மறுபடி நிற்பான். பத்தாவது சாவில் நமக்குப் பையன் தெரிவதில்லை, தாண்ட வேண்டிய தூரம்தான் தெரிகிறது.

பிறகு அந்தத் தண்ணீர் வந்தது. மிதக்கும் சிறுவர்களின் உடல்கள்மேல் கால்வைத்துத்தான் கடக்க வேண்டும்.

“செத்த புள்ள மேலயா மிதிக்கிற?”

அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருடம் விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். ஒரு ஜீப் கவிழ்ந்தாலும் மறுநாள் இன்னொரு ஜீப்பில் ஆள் ஏறும் என்பதை அறிந்தவர். நான் படிக்கட்டைக் கண்ட இடத்தில் அவர் பிள்ளைகளைக் கண்டார். வேறு வழி தேடினேன், கிடைக்கவில்லை. மிதித்துத்தான் போனேன்.

இந்த விளையாட்டின் பலம் இங்கேதான். கால் பிய்ந்த சிலந்தியின் உடலை உருட்டிப் பள்ளத்தை நிரப்ப வைக்கிறது. பிள்ளைகளின் உடலைப் பாதையாக்குகிறது. பாராட்டுவதும் இல்லை, கண்டிப்பதும் இல்லை. நம் கை பழகிவிட்டதை மட்டும் காட்டுகிறது. ஆனால் பின்பாதி இதைக் கைவிடுகிறது. காடு போய்த் தொழிற்கூடம் வருகிறது: பல்சக்கரம், காந்தம், தலைகீழாகும் ஈர்ப்புவிசை. புதிர்கள் சாமர்த்தியமானவை, ஆனால் அம்மாவின் கேள்வியை யாரும் கேட்கும்படியான இடம் எதுவும் அங்கே இல்லை. அம்மாவும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

முடிவுக்குத்தான் திரும்பி வந்தார். புல்வெளியில் ஒரு சிறுமி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பையன் நெருங்க, சட்டென்று நிமிர்கிறாள். திரை இருள்கிறது.

“யாரு அந்தப் புள்ள?”

விளையாட்டுக்குள் இதற்குப் பதில் இல்லை. வெளியே, விளம்பர வாசகத்தில் மட்டும் ‘சிஸ்டர்’ என்று இருக்கிறது. “கூடப் பொறந்தவளாம்மா” என்றேன்.

“அக்காவா, தங்கச்சியா?”

அந்தச் சொல் அதைச் சொல்லவில்லை. முதல்முறை விளையாடியபோது எனக்கு அது தேவைப்படவும் இல்லை.