நேயர் முகம் தெரியாத பிரசங்கம்

தமிழ் உரைநடை பற்றிப் பேசும்போது மேடைப்பேச்சுக்குத் தனி இடம் கொடுக்கிறோம். திராவிட இயக்க மேடை, கதாகாலட்சேபம், பட்டிமன்றம் எல்லாம் வந்துவிடும். வானொலி என்றால் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' வரும். ஆனால் அதே டிரான்சிஸ்டரில், முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் கேட்டுக்கொண்டிருந்த கிறிஸ்தவப் பிரசங்கத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மதப் பிரச்சாரம்தானே, அதில் என்ன இருக்கு என்கிறோம். பிரச்சாரம்தான். நான் கிறிஸ்தவன் இல்லை, அதற்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வடிவத்தில் கவனிக்க ஒன்று இருக்கிறது. இன்றைய யூடியூப் பிரசங்கங்களைக் கேட்கக் கேட்க அது எனக்குத் தெளிவாகிறது.

முதலில், இந்த வானொலி எதுவும் உள்ளூரில் இல்லை. ஆல் இந்தியா ரேடியோ அரசாங்கத்துடையது. 2001-க்குப் பிறகு தனியார் எஃப்எம் வந்தபோதும், மத அமைப்புகளும் அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும் உரிமம் பெற முடியாது என்று விதி வைத்தார்கள். அதனால் சுவிசேஷம் கடல் தாண்டித்தான் வந்தது. அதற்குப் பாதை போட்டது சினிமாப் பாட்டு. 1952-ல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஒதுக்கினார், ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். அங்கே காசு கொடுத்தால் மத நிகழ்ச்சிக்கும் நேரம் கிடைக்கும். டி.ஜி.எஸ். தினகரனின் குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது இந்த வழியாகத்தான்.

அப்புறம் பெரிய நிலையங்கள். 1970-ல் செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் ஆன்டெனாக் கம்பங்கள் கடலுக்குள் பவளப்பாறைத் திட்டில் நின்றன. மணிலாவிலிருந்து கத்தோலிக்க வேரித்தாஸ் வந்தது. இலங்கைப் புத்தளத்தில் 400 கிலோவாட் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர், 882 கிலோஹெர்ட்ஸ், டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ. எங்கள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து புத்தளம் சுமார் 450 கிலோமீட்டர், செஷல்ஸ் சுமார் 3,000. ஆத்தூர் ரோட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இந்தியப் பெருங்கடலின் நடுவிலிருந்து தமிழில் பேசினார்கள்.

சிற்றலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த மண்டலம் ஓரிடத்தில் நிற்காது, அதனால் ஒலி ஏறும், இறங்கும், இடையில் அரை வாக்கியம் காணாமல் போகும். பழைய ஒலிநாடாப் பதிவுகளைக் கேட்டால் பேசியவர்களுக்கு இது தெரிந்திருந்தது போலத்தான் படுகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள். முக்கியமானதை வேறு வார்த்தையில் இன்னொரு முறை. கால் மணி நேரத்தில் ஒரே ஒரு விஷயம். 'கர்த்தர்', 'இரட்சிப்பு', 'கிருபை' என்று பழைய வேதாகமத் தமிழில் ஆரம்பித்து, சட்டென்று சமையலறைத் தமிழுக்கு இறங்கிவிடுவார்கள். அந்த ஒட்டு சில நேரம் துருத்திக்கொண்டு தெரியும். வேரித்தாஸ் வேறு ரகம். அங்கே 'இறைவன்', 'மீட்பு'. பிரசங்கம் குறைவு, செய்தியும் நேயர் கடிதமும் அதிகம். மொழியாக மட்டும் பார்த்தால் எனக்கு வேரித்தாஸ்தான் ஒரு படி மேலே.

என்னைப் பிடித்து நிறுத்துவது விளிதான். 'அன்பான நேயரே' என்று ஒருமையில் கூப்பிடுவார்கள். எங்கள் துறையில் யுடிபி என்று ஒரு நெறிமுறை உண்டு. செய்தியை அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், கிடைத்ததா என்று கேட்காது. சிற்றலைப் பிரசங்கியும் அப்படித்தான். எதிரில் யாருமில்லை, ஒருவேளை ஒருத்தர்கூடக் கேட்காமல் இருக்கலாம். அதனால் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற தொண்டை அவருக்குத் தேவைப்படவில்லை. தாழ்ந்த குரலில், தனியாக இருக்கிற ஒருவரிடம் பேசுவது போலப் பேசினார்.

கேட்டவர் பக்கத்திலிருந்து பாருங்கள். அயோத்தியாப்பட்டணத்தின் பெயரிலேயே ராமன் இருக்கிறான். ஊர் அடையாளமே கோதண்டராமர் கோயில். இங்கே யார் எந்த வாசலில் நுழைகிறார்கள் என்று டீக்கடையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். சர்ச்சுக்கு ஒரு தடவை போனால் அது சாதிக்காரர்கள், சம்பந்தி வீட்டார் வரை போகும். ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருந்த ஒருவர் ராத்திரி இந்த நிகழ்ச்சிகளைக் கேட்பார். மதம் மாறவில்லை, மார்கழியில் கோயிலுக்கும் போவார். 'நல்லா பேசுறாங்க தம்பி, சத்தம் போடாம பேசுறாங்க' என்பார், அவ்வளவுதான். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது? எந்த நிலையத்துக்கும் அவர் இருந்ததே தெரியாது. அவருக்கு அந்த வசதி பிடித்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. பதிலுக்கு இருந்த ஒரே வழி தபால். அஞ்சல்வழி வேதபாடத்துக்கு எழுதிக் கேட்கலாம், சாட்சிக் கடிதம் அனுப்பலாம். வாசிக்கப்படும் சாட்சிகளில் வியாதி குணமாகும், மகனுக்கு வேலை கிடைக்கும். ஜெபித்தும் செத்துப்போன குழந்தையின் அப்பா எழுதிய கடிதம் ஒன்றையாவது ஒலிபரப்பியிருப்பார்களா? நான் கேட்ட பதிவுகள் எதிலும் இல்லை. ஓடாத ப்ரோக்ராமின் லாகை அழித்துவிட்டு 'எல்லாம் ஓடுது சார்' என்று டெமோ காட்டுகிற மாதிரிதான் இது. தனியாக இருப்பவரிடம் அவ்வளவு பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்கள், அவர் கடிதத்தை விளம்பரமாக்குவதில் அந்தக் கூச்சத்தைக் காட்டவில்லை.

செஷல்ஸ் நிலையம் 2003-ல் மூடப்பட்டது. வேரித்தாஸ் 2018-ல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. இன்றைக்குப் பிரசங்கம் நேரலையில் வருகிறது. பிரசங்கிக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையிலேயே தெரியும், குரலும் அதற்கேற்ப ஏறுகிறது. 'எத்தனை பேர் ஆமென் சொல்றீங்க, கமெண்ட்ல போடுங்க' என்கிறார். போன மாதம் அப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கமெண்டில் ஒரு பெண் தன் முழுப் பெயர், ஊர், கருப்பையில் இருக்கும் கட்டி, கணவனின் குடி எல்லாவற்றையும் எழுதி ஜெபம் கேட்டிருந்தார். கீழே முப்பது, நாற்பது ஆமென். நானும் படித்தேன். அவர் மாமியார் வீட்டிலும் யாராவது படித்திருப்பார்கள்.