பட்டியலில் இல்லாத ஸ்கேனர்

யாழ்ப்பாணத்து இணுவில் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும், இறந்தோர் நினைவாக அச்சிட்ட அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் கோயில் சிறப்பு மலர்களும் பெரும்பாலும் மறுபதிப்புக் காணாதவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்த மண்ணில், படியெடுத்து வைப்பதன் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டம் செய்துவருவதும் அதுதான். அதற்கு, லினக்ஸில் ஓடாது என்று மூலையில் போட்ட பழைய ஸ்கேனரே போதும் என்பது என் கட்சி.

அந்தக் கருவியில் பழுதில்லை. யூஎஸ்பி வயரைச் செருகியதும் அது தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் சொல்லும். லினக்ஸில் ஸ்கேனரை இயக்கும் ‘சேன்’ மென்பொருள் தன் பட்டியலில் அந்த இணையைக் காணாவிட்டால் பேசாமல் இருந்துவிடும். ஆனால் உள்ளே உள்ள சில்லு பல மாதிரிகளுக்குப் பொது. கெனன் லைட் 110, 210 இரண்டிலும் இருப்பது ஜிஎல்124 சில்லுதான். எனவே ஒன்றுக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்குப் பழக்கலாம். பட்டியலில் எண்ணைச் சேர்த்தால் மட்டும் காரியம் முடியாது: மோட்டாரின் வேகம் பொருந்தாவிட்டால் விளக்குச் சட்டம் கடைசிவரை ஓடி முட்டிக் கடகடக்கும், உடனே வயரைப் பிடுங்க வேண்டும். அளவுகளைத் திருத்தத் திருத்த, கோணல்மாணலான சாம்பல் பட்டைகள் எழுத்தாக நேர்படுவதில்தான் இந்த வேலையின் ருசி.

கைப்பேசி போதாதா என்பார்கள். அவசரத்துக்குப் போதும், ஆனால் வரி வளையும், ஒருபக்கம் நிழல் விழும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு மட்டும் லைட் வகை ஸ்கேனரில் மங்கும், அங்கே கைப்பேசியே மேல். புதிது வாங்கினால் நேரம் மிச்சம் என்பதும் நியாயம்தான். ஆனால் திருத்திய நிரல் சேனில் சேர்ந்துவிட்டால், அதே மாதிரியை வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த நேரம் மிச்சம்.