திருநாவுக்கரசரும் சத்தியாக்கிரகமும்

திருநாவுக்கரசு நாயனாரைத் தமிழகத்தின் முதற் சத்தியாக்கிரகி என்று கூறுவாருளர். அவர்க்குப் பழையாறை வடதளியில் நாயனார் மேற்கொண்ட உண்ணாநோன்பே தலையாய சான்றாகத் தோன்றுதல் இயல்பு. இக்கூற்று எத்துணைப் பொருந்துமென்பதைச் சேக்கிழார் வாக்கைக்கொண்டே ஆராய்தல் வேண்டும்.

அமணர் மறைத்த திருமேனியைக் கண்டு வணங்கினாலன்றி உண்பதில்லை என நாயனார் அங்கு இருந்தனர். இறைவன் அரசன் கனவில் தோன்றி, அமணரை அழித்து நீக்குமாறு பணித்தனன். அரசன் அங்ஙனமே செய்ய, ஆயிரம் அமணர் யானைகளால் மிதியுண்டு மாய்ந்தனர் என்பது புராணம். நோன்பை எடுத்துரைத்து இம்முடிவை விடுத்துச் செல்லுதல் நேர்மையாகாது.

காந்தியடிகள் 1939 மார்ச்சு மாதத்தில் இராஜகோட்டுச் சமஸ்தானத்தில் உண்ணாநோன்பு ஏற்றனர். ஆட்சிச் சீர்திருத்தம்பற்றி அந்நாட்டு மன்னர் தந்த வாக்கைக் காவாமையே அதற்குக் காரணம். வைசிராய் தலையிட, வழக்கு தலைமை நீதிபதி மாரிஸ் குவையரிடம் சென்றது. தீர்ப்பும் அடிகட்குச் சார்பாயிற்று. ஆயினும் மே மாதத்தில் அத்தீர்ப்பின் பயனை அவரே துறந்தனர். மன்னரின் மனத்தை மாற்ற முயலாது, அவர்க்கு மேற்பட்ட பேரரசின் வலியை நாடியமையால் தம் நோன்பில் வற்புறுத்தல் கலந்துவிட்டது என்பது அவர் கண்ட முடிபு.

இவ்வளவைகொண்டு நோக்கின், அரசன் படைவலியால் முடிவெய்திய பழையாறை நிகழ்ச்சியைச் சத்தியாக்கிரகம் எனல் பொருந்தாது. இது நாயனார்க்கு இழுக்கன்று. அவர் நோன்பு மாற்றாரை நோக்கியதன்று. வழிபாட்டு வேட்கையால் இறைவனை நோக்கியது. அதற்குப் பிற்காலத்துக் கொள்கையொன்றன் பெயரைச் சூட்டுவதே பிழை.

உண்மையான ஒப்புமை திருவதிகை வரலாற்றில் உளது. பல்லவன் ஆணையை ஏற்க நாயனார் மறுத்தனர். ஆயினும் அமைச்சர் வணங்கி வேண்ட, தண்டனைக்கு அஞ்சி ஒளியாது உடன் சென்றனர். நீற்றறையில் ஏழு நாள் இருந்தனர்; நஞ்சு கலந்த உணவை உண்டனர்; யானையின் எதிரே நின்றனர்; கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்டனர். ஓரிடத்தும் அவர் படை தேடிற்றிலர். ஒறுத்தவனை ஒறுக்கவும் நினைந்திலர். முடிவில் அரசன் தானே வந்து பணிந்தனன். பின்னர் அவன் பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்துக் குணதரவீச்சரம் எடுப்பித்தது அவன் செயலேயன்றி, நாயனார் வேண்டியதன்று.

அறப்போர்க்கு நாயனாரைச் சான்று காட்ட விழைவோர் நீற்றறையைக் காட்டுக, பழையாறையைக் காட்டற்க. எதிர்த்தோர் யானைக்காலில் மாய்ந்ததை அறத்தின் வெற்றியெனக் கொண்டாடுவோமாயின், நீற்றறையில் இருந்த பெருமானின் பொறுமையை நாம் அறிந்தவராகோம்.