‘மூலிகை வண்ணம்’: சுவரோவிய ஆய்வில் ஒரு பொருள்மயக்கம்

தமிழகச் சுவரோவியங்கள் குறித்த கட்டுரைகளிலும், அவற்றைக் காண வருவோர்க்குக் கூறப்படும் விளக்கங்களிலும் ‘மூலிகை வண்ணம்’ என்னும் தொடர் ஐயத்திற்கு இடமற்ற செய்தியாக வழங்கி வருகிறது. சித்தன்னவாசலாயினும் தஞ்சைப் பெரிய கோயிலாயினும், இலைச்சாறும் பூச்சாறும் கொண்டு வரையப்பட்டமையால்தான் அவ்வோவியங்கள் ஆயிரம் ஆண்டு நிலைத்தன என்று காரணமும் காட்டப்படுகிறது. இக்காரணம் தலைகீழானது. வெறும் தாவரச் சாற்றால் தீட்டப்பட்டிருப்பின் அவற்றுள் பெரும்பாலானவை ஒரு தலைமுறைகூட நின்றிருக்கா.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் வெளிக்கொணர்ந்தார். அதே பத்தாண்டில் சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவ்வோவியங்களின் சாந்தையும் நிறப்பொருள்களையும் பகுத்தாய்ந்து வெளியிட்டார். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண், பச்சைக்குப் பச்சைமண், நீலத்திற்கு லாபிஸ் லசூலி என்பன அவர் கண்ட பொருள்கள். இவற்றுள் கரி ஒன்றே தாவர வழிப்பட்டது. அதுவும் எரிந்து முடிந்த பிறகு. இம்முடிவுகள் அச்சேறி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ‘மூலிகை’ விளக்கம் தளராதிருப்பது, கலை வரலாற்றாளரும் வேதியியலாளரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காத நிலையையே காட்டுகிறது.

கனிமமே ஏன் நிலைக்கிறது என்பதற்குச் சுவரே விடை. ஈரச் சுண்ணாம்புச் சாந்து கடுமையான காரத்தன்மை உடையது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரகாடித்தன்மை எண் 12ஐத் தாண்டும். தாவர நிறமிகளில் பல இக்காரத்தில் சிதையும் அல்லது நிறம் மாறும். இதற்கு ஆய்வகம் வேண்டுவதில்லை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தி சிவப்பதைத் தமிழ் வீடுகள் அறியும். மஞ்சள் கிழங்கை அரைத்து ஈரச்சாந்தில் மஞ்சள் நிறம் தீட்ட இயலாது என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. காவியின் இரும்பு ஆக்சைடோ காரத்திற்கும் ஒளிக்கும் அசையாதது. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணக்கல்லாக இறுகும்போது, காவித் துகள் அதனுள் பூட்டப்பட்டுவிடுகிறது.

ஆயினும் ‘மூலிகை’ என்ற சொல் வெறுமனே முளைத்ததன்று. கடுக்காய் நீரும் வெல்லமும் சுண்ணாம்புச் சாந்தில் சேர்ந்தன. உலர்ந்த சுவரில் தீட்டுகையில் நிறத்தைப் பற்றவைக்க மரப்பிசின் உதவியது. அவுரி நீலம் பிற தாவரச் சாயங்களைப் போலச் சுண்ணாம்புக்கு எளிதில் அழிவதில்லை. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் நிறப்பொருள்களைக் கூறுகையில் உலோகங்களையும் அரிதாரம், சாதிலிங்கம், செந்தூரம் முதலியவற்றையும் எண்ணி, அவற்றோடு அரக்கையும் அவுரியையும் சேர்க்கிறது. எனவே பிழை, தாவரம் இருந்தது என்பதில் இல்லை. சாந்துக்கும் பற்றுக்கும் உரியதை நிறத்திற்கு ஏற்றிச் சொல்வதில் உள்ளது.

இப்பிழை தமிழ் மரபின் வகைப்பாட்டுக்கே முரணானது என்பதும் கருதத்தக்கது. சித்த மருத்துவம் மருந்துச் சரக்குகளைத் தாவரம், தாது, சீவம் என மூன்றாகப் பகுக்கும். அரிதாரமும் மனோசிலையும் அங்குப் பாடாணங்கள். அவற்றை மூலிகை என எந்த மருத்துவரும் எழுதார். நாடக ஒப்பனைக்கே பெயராகிவிட்ட ‘அரிதாரம்’ ஆர்சனிக்கின் சல்பைடு என்பதைப் பொதுவழக்கு மறந்தது. ஓவிய ஆய்வும் உடன் மறந்தது.

இம்மறதியை அளந்தறிய உகந்த இடம் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரம். கனிமங்களை நிறத்தின் பொருட்டு நாள்தோறும் பெயர் சொல்லிப் புழங்கும் நிலம் அது; அக்கலவைக்கு அங்கு வழங்கும் பெயரும் ‘மருந்து’ என்பதே. உச்ச நீதிமன்றம் 2017 சூலை 31இல் பட்டாசுகளில் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தையும் எவ்வடிவிலும் பயன்படுத்தத் தடை விதித்தது. லித்தியம் நீங்கலாக ஏனைய நான்கும் பழைய வண்ணப் பேழைக்கு உரியவை: அஞ்சனக்கல்லின் ஆண்டிமனி, சாதிலிங்கத்தின் பாதரசம், அரிதாரத்தின் ஆர்சனிக், செந்தூரத்தின் ஈயம். ‘இயற்கை வண்ணம்’ எனில் தீங்கற்றது என்ற கருத்து இப்பட்டியலின் முன் நிற்காது.

ஒப்புமையை மிகைப்படுத்துதலும் தவறாகும். வாணவேடிக்கையின் நிறம், வெப்பத்தால் கிளர்ந்த அணுக்களும் மூலக்கூறுகளும் உமிழும் ஒளி. சுவரின் நிறம், பொருள் உட்கவர்ந்தது போக எஞ்சித் திரும்பும் ஒளி. சிவப்புச் சுடர் தரும் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டும் பச்சைச் சுடர் தரும் பேரியம் நைட்ரேட்டும் கையில் வெண்பொடிகளே. ஓவியனுக்கு அவற்றால் சிவப்போ பச்சையோ கிட்டாது. செம்பு, மலாக்கைட் கல்லாகச் சுவரில் பச்சை. குளோரின் சேர்ந்த சுடரில் நீலம். ஆகவே நிறப்பொருளின் பெயரை மட்டும் எழுதுவது போதாது. துகளின் பருமை, ஒளிவிலகல் எண், பற்றுப்பொருள் ஆகியவையும் வேண்டும். லாபிஸ் லசூலியை மிக நுண்ணிதாக அரைத்தால் நீலம் வெளிறும். அதன் ஒளிவிலகல் எண் 1.5 அளவே ஆதலின், ஒத்த எண்ணுடைய எண்ணெயில் ஒளி ஊடுருவி இருண்டு காணும். எண் ஏறத்தாழ 3 ஆகிய செங்காவிக்கு அவ்விடர் இல்லை. சிறிதளவே சுவரை மூடிவிடும்.

பொருள்மயக்கத்தால் இழப்பது சொல் மட்டுமன்று. அக்காலத்து லாபிஸ் லசூலியின் பெயர்பெற்ற சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானின் பதக்சானில் உள்ளவை. தஞ்சைச் சுவரின் நீலத்தை உள்ளூர்ச் செடியின் சாறு என எழுதும்போது, சோழநாட்டை எட்டிய ஒரு நெடுவழி வணிகத்தின் சான்று அழிகிறது. பாதுகாப்பிலும் இழப்பு உண்டு. சுண்ணாம்புச் சாந்தும் லாபிஸ் நீலமும் அமிலத்திற்கு நெகிழ்பவை. மஞ்சட்காவி 300 செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நீரிழந்து செங்காவியாகிவிடும். தீப்பட்ட சுவரில் சிவப்பைக் கண்டு ஓவியன் சிவப்பே தீட்டினான் எனக் கொள்வது அவன்மேல் பழி ஏற்றுவதாகும். ‘மூலிகை ஓவியம்’ என்று முன்னரே முடிவு கட்டியவர் கண்ணுக்கு இவை எதுவும் படா.

சுவரோவியப் பதிவேடுகளில் சாந்து, பற்றுப்பொருள், நிறப்பொருள் என மூன்று பத்திகள் தனித்தனியே அமைதல் வேண்டும். ‘மூலிகை’ என்ற சொல்லுக்கு அங்குப் பெரிதும் உரிய இடம் கடுக்காய்க்கும் பிசினுக்கும் நேரே, முதல் இரு பத்திகளில்.