உருவமும் தொழிலும்: கார்3 – விக்1 பற்றிய ஆய்வுகள்

சக்கரோமைசிசு மதுவத்தில் கார்3 என்னும் மோட்டர்ப் புரதம் விக்1 உடன் இணைந்து நுண்குழாயின் மறைமுனை நோக்கி இயங்குகிறது. 2007இல் அலிங்ஹாம் குழுவினர் வெளியிட்ட விக்1இன் பளிங்கமைப்பு வியப்புக்குரியது. அமினோவமிலத் தொடரைக் கொண்டு ஊகிக்க இயலாத கைனெசின் மடிப்பு அதில் இருந்தது, ஏ.ரி.பி. பிணையும் இடமோ இல்லை. எரிபொருள் ஏற்காத மோட்டர்! ஆயினும் அது நுண்குழாயைப் பற்றும் என்பதைப் பிணைப்புச் சோதனைகளே நிறுவின. உருவத்திலிருந்து தொழிலைப் படித்துவிடலாம் என்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

ஆனால் அன்று பளிங்காக்கப்பட்டது விக்1இன் ஒரு பகுதியே. கார்3 உடன் அது கூடிய அமைப்பு 2012இல், அதே சக்கரோமைசிசு மதுவத்தின் புரதங்களிலிருந்து கிடைத்தது. குறை பெரிதும் நீங்கியது. எனினும் பளிங்கு காட்டுவது ஒரு நிலையை மட்டுமே. விக்1 முதலிற் பற்றிப் பின் கார்3க்கு இடம்விடும் ஒழுங்கு, இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களையும் பிணைப்பளவீடுகளையும் சேர்த்துக் கட்டிய அனுமானமே.